இரண்டு கை கொடுத்த மருந்து

குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக்கு ஸ்ட்ராபெரி வாசனை போட்டது யாரோ தெரியாது. கையில் சிக்கினால் நாலு வார்த்தை கேட்பேன். குழந்தை துப்பக் கூடாதே என்றுதான் போட்டிருப்பார், அது புரிகிறது. ஆனால் ஆரணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரியில் அதே வாசனையில் கேக் வைத்திருக்கிறார்கள். ஏழு வருஷமாக அந்தக் கடையை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தாண்டுகிறேன்.

எங்கள் மகளுக்கு அப்போது ரெண்டரை வயது. காய்ச்சலில் போகாத உயிர் காய்ச்சல் மருந்தில் போகப் பார்த்தது. சொந்தக்காரர்களைக் கேட்டால், அப்பன்காரன் அளவு தெரியாமல் கொடுத்துவிட்டான் என்பார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது எங்கள் வீட்டில் பழமொழி இல்லை, நடந்த கதை. அந்தப் பழியை என் கணவர் தலையில் ஏற்றிவிட்டு ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

எங்கள் வீட்டில் ஒரே தறி. நடுக்கூடத்தை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். மேலே ஜக்கார்டு பெட்டி, அதில் டிசைன் அட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருக்கும். மிதிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது பாதிதான் காதில் விழும். நானும் என் கணவரும் மாறி மாறி நெய்வோம். காலை ஆறு மணிக்கு அவர் உட்காருவார், ஒன்பதுக்கு இறங்குவார். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு நான். பன்னிரண்டிலிருந்து மூன்று அவர், மூன்றிலிருந்து ஆறு நான். மறுபடி அவர், ராத்திரி ஒன்பது வரைக்கும். அவசர வேலை என்றால் இப்படி. சாதாரண நாளில் இவ்வளவு கறார் கிடையாது.

அந்த வாரம் அவசர வேலை. நூலும் கூலியும் தந்து நெய்யச் சொல்கிற மாஸ்டர் கொடுத்த கல்யாணப் புடவை, அரக்கு உடம்பு, பச்சைக் கரை, முந்தியில் மயில். பெண் வீட்டார் புதன்கிழமை மாஸ்டரிடம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். முகூர்த்தத்துக்குப் புடவை வராவிட்டால் மாஸ்டர் அடுத்த புடவைக்கான பாவு நூலை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார், இந்த ஊரில் அதற்கு ஆளுக்கா பஞ்சம்.

பட்டு நெய்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தறியில் இருப்பவர் கை காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெயோ இனிப்போ ஒரு சொட்டு பட்டுவிட்டால் கறை போகாது, மாஸ்டர் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் தறியில் உட்கார்ந்திருப்பவர் குழந்தையைத் தொட மாட்டார். இறங்குகிறவர்தான் ஊட்டுவது, கழுவிவிடுவது, தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம். மாறும்போது பேசிக்கொள்வதும் தறியைப் பற்றித்தான். எத்தனையாவது அட்டையில் நிறுத்தியிருக்கிறது, எந்த இழை அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது, ஜரிகை எப்போது தீரும். அதில் ஒன்று விட்டுப்போனாலும் புடவையில் தெரிந்துவிடும், ஆகவே ஒரு எழுத்து விடாமல் ஒப்படைப்போம். குழந்தை சாப்பிட்டாளா என்பதைக் குழந்தையிடமே கேட்டுக்கொள்ளலாம் என்பது எங்கள் நினைப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு உடம்பு சுட்டது. நான்தான் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். டாக்டர் எடை பார்த்தார், பதினோரு கிலோ. தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். ஒரு சிரப் எழுதினார்.

"அஞ்சு மில்லி. ஒரு தடவ குடுத்தா அடுத்தது ஆறு மணி நேரம் கழிச்சு தான். ஒரு நாளைக்கி நாலு தடவைக்கி மேல கூடவே கூடாது. ஒடம்பு சுடுதுன்னு மட்டும் குடுக்காதீங்க, கொழந்த தொவண்டு போனா, அழுதுகினே இருந்தா குடுங்க. தூங்கினு இருந்தா எழுப்பிக் குடுக்க வேணாம். அதுல ஒரு மூடி வரும், கோடு போட்டிருக்கும், அதுல தான் அளக்கணும். கரண்டி வேணாம்."

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். மயிலின் தோகை பாக்கி இருந்தது, என் புத்தி அங்கே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தறி சத்தத்துக்கு மேலே கத்தி அவரிடம் சொன்னேன்.

"ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ. அஞ்சு மில்லி."

அவர் நெய்வதை நிறுத்தாமல் தலையசைத்தார். யார் கொடுப்பது என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்களுக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. இறங்குகிறவர்தானே குழந்தையைப் பார்ப்பவர்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு நான் கொடுத்தேன். பன்னிரண்டுக்கு இறங்கியதும் கொடுத்தேன். சாயங்காலம் ஆறுக்குக் கொடுத்தேன். சரியாக ஆறு மணி நேரம், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தேன். அவர் ஒன்பதுக்கு இறங்கியதும் கொடுத்தார். மூன்றுக்குக் கொடுத்தார். ராத்திரி ஒன்பதுக்குக் கொடுத்தார். அவரும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார். அவர் கணக்கிலும் பிசகில்லை, என் கணக்கிலும் பிசகில்லை. குழந்தையின் வயிற்றுக்குள் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து போய்க்கொண்டிருந்தது. தறியில் ஏறினால் கண் இழையை விட்டு நகராது, மருந்துப் பாட்டிலைத் தன்னைத் தவிர வேறு யாரும் தொடவில்லை என்று ரெண்டு பேருமே நம்பினோம்.

அது போதாதென்று மூக்கு வேறு ஒழுகியது. அலமாரியில் மார்கழியில் வாங்கிய சளி மருந்து பாதி இருந்தது. மெடிகல் கடையில் கேட்டு வாங்கியதுதான், டாக்டர் எழுதியது இல்லை. அதையும் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று நான் சேர்த்துக் கொடுத்தேன். அட்டைப் பெட்டியில் பொடி எழுத்தில் உள்ளே என்னென்ன மருந்து என்று போட்டிருந்தது. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை. பேர் வேறு, நிறம் வேறு, ஆகவே மருந்தும் வேறு என்று இருந்துவிட்டேன்.

இதுவரை நடந்தது அறியாமை. இதற்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு காலம் வெந்துகொண்டிருக்க மாட்டேன். உலகத்தில் எத்தனையோ பெற்றவர்கள் அறியாமல் செய்திருப்பார்கள். மூன்றாவது நாள் நடந்தது வேறு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்கு இறங்கினேன். குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தாள். சுவரோரம் பாயில் படுத்து, காலால் சுவரை உதைத்து உதைத்து அழுதாள். ஜன்னல் கட்டையில் மருந்து இருந்தது. அளவு மூடியை எடுத்தேன். அடியில் ரோஸ் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் நான் கொடுத்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்த மூடி அது. நான் கழுவாமல் வைக்கிறவள் இல்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று நாளில் இவ்வளவு இறங்கியிருக்கக் கூடாது.

எனக்குப் புரிந்துவிட்டது. இவர் இடையில் கொடுத்திருக்கிறார், இன்றைக்கு மட்டும் இல்லை, மூன்று நாளாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறார், இன்றைக்குத்தான் மூடியைக் கழுவ மறந்திருக்கிறார். ஊசி குத்தினது போல் தெளிவாகத் தெரிந்தது. அவர் நாலு அடி தூரத்தில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நிறுத்தினால் பேச்சு வளரும், கிளினிக்குக்கு ஓடச் சொல்வார், அரை நாள் போய்விடும். முந்தியில் இன்னும் ஒரு சாண் இருந்தது. குழந்தை தூங்கினால் தறி ஓடும். அவ்வளவுதான் யோசித்தேன். பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்து என்ன செய்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடியில் ஊற்றினேன். சளி மருந்து தூக்கம் வரவழைக்கும் என்று தெரியும், அதையும் ஊற்றினேன். அவள் ரெண்டையும் சப்புக்கொட்டிக் குடித்தாள்.

மூன்று மணிக்கு மாறினோம். நான் தறியில் ஏறினேன், அவர் இறங்கினார்.

"இருபத்திரெண்டாவது அட்ட. எடது கரையில ஒரு எழ முடிஞ்சிருக்கு, பாத்து அடி" என்றார்.

"சரிங்க" என்றேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு ஜன்னல் கட்டைக்குப் போனார். மூடியை எடுத்தார். பாட்டிலைச் சாய்த்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அரைத் தூக்கத்தில் இருந்த குழந்தையை மடியில் தூக்கி வைத்து, வாயோரம் வழிந்ததை விரலால் வழித்து உள்ளே விட்டார். ஒரு சொட்டு வீணாகக் கூடாதாம். நான் மேலே நிமிர்ந்து அட்டையை எண்ணினேன். இருபத்திமூன்று, இருபத்திநான்கு.

புதன்கிழமை காலையில் புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கினோம். மாஸ்டர் வந்து பார்த்து மயிலைத் தடவிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போனார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு ஜில்லென்று இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பத்து மணிக்கு அவள் வாந்தி எடுத்தாள். பதினொன்றுக்கு மறுபடி. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிக்கொண்டாள். அழவும் இல்லை. மூன்று நாளாக எது நிற்க வேண்டும் என்று மருந்து ஊற்றினேனோ அது நின்றிருந்தது.

கிளினிக்குக்கு ஓடும்போது எதற்கென்றே தெரியாமல் ரெண்டு பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. டாக்டர் குழந்தையின் வலது விலா எலும்புக்குக் கீழே அமுக்கினார், அவள் முகம் சுருங்கியது. என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பாட்டில்களை மேஜைமேல் வைத்தேன். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திருப்பி வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லின் கீழே விரலை வைத்துக் காட்டினார். ஒரே சொல்.

"ரெண்டும் ஒரே மருந்தும்மா. வேலூருக்கு எடுத்துனு போங்க. ஜல்தியா போங்க, நான் போன் பண்ணி சொல்லிட்றேன். இந்த பாட்டிலையும் எடுத்துனு போங்க."

வேலூரில் ஒரு இளம் பெண் டாக்டர் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு எங்கள் ரெண்டு பேரையும் உட்கார வைத்தார். ஒரு தாளில் நடுவே கோடு போட்டார். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா.

"உங்களத் திட்டறதுக்குக் கேக்கல. எவ்ளோ உள்ள போயிருக்குன்னு தெரிஞ்சா தான் நான் வைத்தியம் பண்ண முடியும். மறைக்காம சொல்லுங்க."

வேளைகளை மறைக்காமல்தான் சொன்னோம். என் கணவர் ஒன்பது, மூன்று, ஒன்பது என்றார். நான் ஆறு, பன்னிரண்டு, ஆறு என்றேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். தான் கொடுத்ததுதான் அதிகப்படி என்று அவர் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டார். முதலில் டாக்டரிடம் போய் அளவு கேட்டு வந்தவள் நான் அல்லவா.

"ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாதா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியாதுங்க" என்றார் அவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "தெரியாதுங்க" என்றேன்.

கல்லீரல் அடிபட்டிருக்கிறது என்றார்கள். இதற்கு முறிவு மருந்து உண்டு, டிரிப்ஸில் ஏற்றுகிறோம், ரெண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். மறுநாள் காலையில் அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. வார்டுக்கு வந்து போனவர்கள் ஒவ்வொருவரும் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள் மாதிரி. அந்தப் பழமொழியை இப்போதும் யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

என் நாத்தனார், அவருடைய அக்கா, சேவூரிலிருந்து வந்தாள். அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், என் மகள்மேல் உயிரையே வைத்திருந்தாள். வராண்டாவில் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னா ஆச்சு? டாக்டர் சொன்ன மாதிரி தான குடுத்த?"

"நான் சரியான டயத்துக்கு தான் அண்ணி குடுத்தேன். இவரு இடையில இடையில குடுத்துட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

இவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை, எடுத்துப் பார்த்தால் எல்லாம் உண்மை. அவர் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாத்தனார் அவர் பக்கம் திரும்பி, "உனக்கு அறிவு இருக்குதாடா, பெத்த பொண்ணுடா" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குழந்தை பிழைத்தாள். நாலாம் நாள் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் இறங்க ஆரம்பித்தன. ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது, கல்லீரல் தானாகவே சரியாகிவிடும், பின்னால் ஒன்றும் வராது என்றார். வாசல் வரை வந்து, இனிமேல் வீட்டில் ஒருத்தர் மட்டும் மருந்து கொடுங்கள், கொடுத்ததும் எழுதி வையுங்கள், இன்னொருவர் கொடுப்பதானால் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும் என்று என்னிடம் சொன்னார்.

ஒருத்தர் மட்டும் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு என் கணவர் ஒதுங்கிவிட்டார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவர் மருந்துப் பாட்டிலைத் தொட்டதில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். அவள் இருமுவது கேட்டால் தறிச் சத்தம் கூடும்.

நானோ, தினம் காலையில் அவள் எழுந்ததும் கண் இமையை இழுத்துப் பார்ப்பேன். தூசி இருக்கு இரு என்பேன். ஏழு வருஷம் தூசி பார்த்தேன். மஞ்சள் பாவு வந்தால் மாஸ்டரிடம் வேண்டாம் என்றேன், அவர் ஏதோ சாமி சம்பந்தமான வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார். அந்த வார்டு வெளிச்சத்தில் பார்த்த கண்ணின் நிறம் பட்டில் வரும்போது என்னால் நெய்ய முடியாது. சில நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தறியிலிருந்து இறங்குவதற்கே பயமாக இருக்கும். இறங்கினால் ஜன்னல் கட்டையில் ஏதாவது இருந்துவிடுமோ என்று அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்குவேன். அங்கே வெறும் சீப்புதான் இருக்கும்.

மறு வருஷம் நாத்தனாரின் கடைசிப் பெண்ணுக்குக் காது குத்து, படவேட்டுக் கோயிலில் வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது, அது ஊரறிந்த முறை. இவர் ஒரு மாதம் முன்னாலேயே கம்மல் வாங்கி வைத்துவிட்டார். புது வேட்டி கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியை ஒழுங்கு பண்ணிக்கொண்டார். நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு தன் பெரியப்பா மகன் மடியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

"அவனும் மாமன் முற தான. தம்பி கை ராசி நமக்குத் தெரிஞ்சது தான" என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கம்மல் டப்பாவைத் தட்டில் வைத்துவிட்டு, அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டினார். சிரித்த முகம்தான். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். சாமி சன்னதி, நாலு பேர் நடுவில், எனக்குப் பதிலாக ஒரு மனுஷன் அவமானப்பட்டு நிற்கிறார். பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள் என்றதும் எழுந்து போய்ச் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பதைத்தான் நினைத்து நினைத்துக் கூசுகிறேன்.

இந்த வருஷம் புரட்டாசி மழையில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இப்போது அவள் நாலாம் வகுப்பு. முதல் நாளே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டெங்கு காலம் என்று ரத்தம் பார்த்தார்கள், அது இல்லை. ஆனாலும் கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை எதுவும் வாங்கக் கூடாது என்றார்கள். இப்போதைய எடைக்கு அளவு எழுதிக் கொடுத்தார்கள். நான் கொடுத்த வேளையை எல்லாம் ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டியிருந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு வேளை கொடுத்தேன். அவர் வழக்கம்போலச் செருப்பைத் தேடினார், வெளியே மழை கொட்டியதால் தறியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பதினொன்றரை இருக்கும். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்.

"அம்மா, நான் சின்னக் கொழந்தையா இருக்கும்போது அப்பா எனக்கு மருந்த ஜாஸ்தியா குடுத்து நான் செத்துப்போக இருந்தேனாமே?"

"யார் சொன்னா?"

"சேவூரு அத்த. அதான் அப்பா எனக்கு காச்ச வந்தா ஓடிப்போயிட்றாராம். நீ கவலப்படாத, அப்பா எது குடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். போன வாட்டி தண்ணி குடுத்தாரு, அதக்கூட நான் குடிக்கல, கீழ ஊத்திட்டேன்."

எனக்கு நல்லது செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அவர் எப்போதோ தைரியம் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. அக்காளிடம் அவர் பேர் கெட்டதை எப்படியோ விழுங்கிக்கொண்டு இருந்துவிட்டேன். இதை விழுங்க முடியவில்லை. எழுந்து கூடத்துக்குப் போனேன்.

"தறிய நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினார். மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து பாதி எழுந்துவிட்டார். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் சொன்னேன். உட்கார்ந்து யோசித்தால் மறுபடி சொல்லாமல் போய்விடுவேன் என்று எனக்கு என்னைத் தெரியும்.

"அன்னிக்கி மூணாவது நாளு, மத்தியானம் நான் எறங்கனப்போ மூடி பிசுபிசுன்னு இருந்துச்சு. நீங்க இடையில குடுத்துகினு இருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சி தான் நானும் குடுத்தேன். மூணு மணிக்கு நீங்க குடுக்கறதையும் பாத்துகினு தான் இருந்தேன்."

அவர் உட்கார்ந்தார்.

"ஏன் சொல்லல?"

"தறி நின்னுடும்னு. பொடவ முடியணும்னு."

"அத கேக்கல. அதுக்கப்புறம் ஏன் சொல்லல?"

பயம் என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் திட்டவில்லை.

"ஏழு வருசம்" என்றார். "எம்பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னா ஒரு தடவ கிட்ட போயி உக்காந்ததில்ல நானு. என் கையப் பாத்தா எனக்கே பயம்."

தண்ணீர் டம்ளர் விஷயத்தையும் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவர் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. அவகிட்ட போயி சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

போனேன். அவள் படுக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி, எதையும் குறைக்காமல் சொன்னேன். அத்தைக்கே இது தெரியாது, அத்தையிடமும் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் நெற்றித் துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சே குடுத்தியா?"

"தெரிஞ்சே தான்."

"நான் தூங்கணும்னா?"

"ஆமா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இமையை இழுத்துப் பார்க்கிற என் கை அவள் தோள்மேல் இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். ஒரு மணிக்குக் காய்ச்சல் ஏறி உடம்பெல்லாம் வலிக்கிறது என்று முனகினாள். ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. தாளைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். பாட்டிலையும் மூடியையும் எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

"அப்பாவ வரச்சொல்லு" என்றாள்.

அவர் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றார். நான் பாட்டிலை நீட்டினேன். வாங்குவதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து கதவோரம் போய் நின்றேன். அவர் லேபிளைக் கிட்டத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"எவ்ளோ?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"கடைசியா எப்ப குடுத்த?"

"காலைல ஏழு மணிக்கி."

"வேற எதுனா குடுத்தியா?"

"இல்லீங்க. வேற எதுவும் குடுக்கல."

அவர் மூடியைத் திறக்கவில்லை. மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "உங்கம்மா காலைலேர்ந்து உனக்கு இன்னா இன்னா குடுத்தா, நீ சொல்லு கண்ணு" என்றார்.

அவள் சொன்னாள். அதற்குப் பிறகுதான் ஊற்றினார்.